ஐம்பத்திரண்டு அலகின் காரணம்

உதயகலாவுக்கு நகர நீர்ச் சபையில் வேலை கிடைத்த அன்று அவளுடைய கணவன் சுதாகரன் வயிறு குலுங்கச் சிரித்தான். "உனக்கெண்டே ஆரோ யோசிச்சு உண்டாக்கின உத்தியோகமடியப்பா. இவ்வளவு காலமும் சும்மா எட்டிப் பாத்தனி. இனி எட்டிப் பாக்கிறதுக்குச் சம்பளமும் தருவாங்கள்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. உதயகலா பிறந்தது கரவெட்டியில். கேள்வி கேட்கும் வியாதி அவளோடு கூடப் பிறந்தது. கலியாண வீட்டில் சாப்பிட்டால் சமையல்காரரைத் தேடிப் போய் எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி போட்டீர்கள் என்று கேட்பாள். செத்த வீட்டுக்குப் போனாலும் என்ன வருத்தம், எந்த டொக்டர், எத்தனை நாள் படுக்கை என்று விசாரித்து முடித்த பிறகுதான் அவளுக்குக் கண்ணீர் வரும். இதிலே கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. கேட்டதை ஊருக்குச் சொல்லித் திரிகிறவளும் அல்ல. அவளுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் மனம் ஆறிவிடும்.

வேலை என்னவென்றால் மீற்றர் வாசிப்பது. கொக்குவில் பக்கத்து ஒழுங்கைகளில் முந்நூற்றுச் சொச்சம் வீடு அவள் பொறுப்பு. ஸ்கூட்டியை மதிலோரம் சாய்த்துவிட்டு, கேற்றடியில் குந்தி, இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்குவாள். உள்ளே தவளை இருக்கும், எறும்புப் புற்று இருக்கும், ஒருமுறை கொடுக்கான் தேளும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்து இலக்கத்தைப் பார்த்துக் கைக்கருவியில் அடிப்பாள். ஓர் அலகு என்றால் ஆயிரம் லீற்றர். மற்றவர்களுக்கு அது வெறும் இலக்கம். உதயகலாவுக்கோ அது வீட்டுக்காரர் வாய் திறக்காமலே சொல்லுகிற கதை. ஓகஸ்டில் நாலு அலகு பதினெட்டானால் கனடாவிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஒன்பது திடீரென்று இரண்டானால் ஆரோ ஆஸ்பத்திரியில். பிள்ளை பிறந்த வீடு, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன வீடு, எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் தெரியும்.

முக்கால்வாசி வீடுகளில் இரண்டு, மூன்று அலகுக்கு மேலே ஓடாது. யாழ்ப்பாணத்தில் கிணறு இல்லாத வளவு ஏது? குளிப்பு, தோய்ப்பு, பூக்கண்டு எல்லாவற்றுக்கும் கிணறு. பைப் தண்ணீர் தேத்தண்ணிக்கும் குடிக்கவும் மட்டும். அதையும் சிலர் மணக்குது என்று சொல்லி ஒரு இரவு குடத்தில் வைத்துத்தான் குடிப்பார்கள்.

இப்படி இருக்கையிலேதான் கட்டணத்தைக் கூட்டப் போகிறோம் என்று சபை அறிவித்தது. இன்னும் முடிவில்லை, யோசனைதான்; பொதுமக்கள் மூன்று கிழமைக்குள் கருத்துச் சொல்லலாம், கடைசியில் மண்டபத்தில் ஒரு கூட்டமும் இருக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். முப்பது அலகுக்குள் பாவிக்கிறவர்களுக்குச் சின்ன உயர்வு. முப்பதைத் தாண்டினால் அலகு ஒன்றின் விலை இரண்டரை மடங்கு. தண்ணீரை வீணாக்குகிறவன் கட்டட்டும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கந்தோரில் பொறியியலாளர் கோபிசங்கர் மீற்றர் வாசிப்பவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தான். வயதில் உதயகலாவை விடப் பத்து வருடம் இளையவன், நல்ல பிள்ளை, அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, உங்கடை பகுதியிலை முப்பதுக்கு மேலை ஓடுற வீடுகளை எழுதித் தாங்கோ. எத்தனை பேர் இருக்கினம், ஏன் கூட ஓடுது எண்டு காரணமும் வேணும். கூட்டத்திலை காட்டோணும்."

அவளுடைய பகுதியில் பதினொரு வீடு வந்தது. பத்து வீட்டுக்குக் காரணம் அவளுக்கு நித்திரையிலும் தெரியும். ஒருவர் வாடகைக்கு அறைகள் விட்டிருந்தார், ஒருவர் பூங்கன்று விற்றார், ஒருவருடைய மலகூடத் தாங்கி ஆறு மாதமாக ஒழுகுகிறது, சொன்னாலும் கேட்கமாட்டார். பதினோராவது வீடுதான் அவளைப் போட்டு வதைத்தது. அது கமலாவதியின் வீடு. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசி, வயது அறுபத்தேழு. கலியாணம் செய்யவில்லை. வீட்டில் அவரும் ஒரு பூனையும். மாதம் ஐம்பத்திரண்டு அலகு.

ஒரு மாதம் என்றால் பிழை என்று விடலாம். பின்னுக்குப் பார்த்தால் ஐம்பது, ஐம்பத்துமூன்று, நாற்பத்தொன்பது என்று ஒரே சீராகப் போயிருக்கிறது. அந்த ஒழுங்கையை மட்டும் உதயகலா பொறுப்பெடுத்தே இரண்டு மாதம்தான், அதனால்தான் இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லை. இனி விடுவாளா?

"அன்ரி, தண்ணி நல்லா ஓடுதே?" என்று கேற்றடியில் நின்று தொடங்கினாள்.

"ஓம், குளிக்கிறன், தோய்க்கிறன்," என்றார் கமலாவதி. முகத்தில் ஓர் அசைவில்லை.

"ஐம்பத்திரண்டாயிரம் லீற்றர் அன்ரி."

"நான் துப்புரவான ஆள் பிள்ளை."

உதயகலா சிரித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளிப்பீர்கள் என்று கேட்டாள்; பிறகு எங்கேனும் ஒழுக்கு இருக்கோ பார்ப்போம் என்றாள். வீட்டுப் பைப்புகளை எல்லாம் பூட்டச் சொல்லிவிட்டு மீற்றருக்கு முன்னால் குந்தினாள். உள்ளே இருக்கிற குட்டிச் சக்கரம் ஒழுக்கென்றால் சுற்றிக்கொண்டேயிருக்கும். அது அசையாமல் நின்றது. ஒழுக்கில்லை. கிணறு இருக்கிறதே என்று கேட்டாள். ஐந்து வருடமாக உவர், வாயில் வைக்க ஏலாது, சவர்க்காரம் கூட நுரைக்காது என்றார் கமலாவதி. அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. கேற் பூட்டிக்கொண்டது. தபால் கந்தோரில் முப்பது வருடம் மற்றவர்களுடைய கடிதத்தைக் கையாண்டும் ஒன்றையும் வெளியே விடாத மனுசியிடம் உதயகலாவின் விசாரணை எடுபடவில்லை.

சுதாகரன் பகிடி பண்ணினான். "பூனை நீந்தப் பழகுதோ தெரியேல்லை." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வேலையில்லாத நாளில், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் கமலாவதி வீட்டு மீற்றர் மூடியைத் தூக்கினாள். சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பின் வளவில் வாளிச் சத்தம் கேட்டது. பிள்ளை ஒன்று அழுதது. பூனை வீட்டில் பிள்ளை ஏது?

மதிலோரம் சுற்றிப் போய்ப் பார்த்தாள். கிணற்றடியில் ஒரு பைப். அதில் ஒரு ஹோஸ் மாட்டியிருந்தது. ஓர் இளம்பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீல நிறத் தாங்கி ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இடுப்பில் சாரத்தோடு ஒரு மேசன், கையில் இரண்டு தண்ணீர்க் கான். இரண்டு பேரும் பக்கத்து வளவுகளிலிருந்து வந்தவர்கள். கிணற்றைச் சுற்றி மூன்று பக்கமும் மதில், மூன்று மதிலிலும் ஒவ்வொரு வாசல்.

உதயகலாவைக் கண்டதும் கமலாவதி ஒன்றும் மறைக்கவில்லை. பிடிபட்ட முகமும் காட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொல்லித் தேத்தண்ணியும் ஊற்றித் தந்தார்.

"இது பங்குக் கிணறு பிள்ளை. எங்கடை அப்பு காலத்திலை இருந்து நாலு வீட்டுக்குப் பொது. ஒவ்வொருத்தற்றை காணி உறுதியிலையும் எழுதிக் கிடக்கு, கிணத்திலை நாலிலை ஒரு பங்கும் வழிவாய்க்காலும் எண்டு. கிணறு உவராப் போச்சு. பைப் போட வந்தவங்கள் கிணறு ஆற்றை வளவுக்கை எண்டு கேட்டாங்கள், என்ரை எண்டன். கிணத்தடிக்கு இழுத்துத் தந்தாங்கள். பங்குக் கிணத்திலை தண்ணி அள்ள ஆராவது நாலு துலா போடுவினமே? அப்பிடித்தான் இதுவும்."

அந்த இளம்பெண் தர்சிகா, வீட்டில் ஐந்து பேர். மேசன் சந்தியோகு, வீட்டில் ஆறு பேர். மேற்குப் பக்கத்து வளவு நடராசாவுடையது, அங்கே நாலு பேர். எல்லாமாகப் பதினாறு பேர். உதயகலா மனதுக்குள் பிரித்துப் பார்த்தாள். ஆளுக்கு மூன்று அலகும் கொஞ்சமும். கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் இவ்வளவு சிக்கனமாகப் பாவிக்கிற சனம் ஊரிலேயே இதுதான். மாதப் பில்லைத் தலைக்கு இவ்வளவென்று பிரித்துக் கட்டிவிடுகிறார்கள், இவ்வளவு நாளும் ஒரு சச்சரவில்லை.

ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை, ஆனால் இன்னொன்றைக் கேட்டு அறிந்தாள். நடராசாவும் கமலாவதியும் கதைத்துப் பதினாலு வருடம். மதில் கட்டும்போது நடராசா அரை அடி தள்ளிப் போட்டுவிட்டார் என்பது கமலாவதியின் பக்கம். இல்லை, அரை அடியை நான்தான் விட்டுக் கொடுத்தேன் என்பது அவர் பக்கம். ஆறடி மதில் எழுப்பி மேலே உடைந்த போத்தல் ஓடும் பதித்தவர், கிணற்றுக்கு நேரே மட்டும் மூன்றடி வாசல் விட்டுத்தான் கட்டியிருக்கிறார். சண்டை வேறு, பங்கு வேறு. விடிய ஐந்து மணிக்கு வந்து தண்ணீர் பிடித்துவிட்டு, தன் முறை முடிந்ததென்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். வாளி கவிழ்ந்திருப்பதைப் பார்த்தபிறகுதான் கமலாவதி பின்கதவைத் திறப்பார். பதினாலு வருடமாக அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் அந்த வாளி ஒன்றுதான் பேசியிருக்கிறது.

தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் உதயகலாவின் மனம் ஆறிவிடும். இந்த முறை ஆறவில்லை. இணைப்புக்கு விண்ணப்பிக்கும் படிவத்தின் பின்பக்கத்தில், ஒருவரும் வாசிக்காத சின்ன எழுத்தில் ஒரு விதி இருக்கிறது: ஒரு வீட்டுக்குத் தந்த தண்ணீரை வேறு வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் இணைப்பு வெட்டப்படும். உள்ளதை எழுதினால் பதினாறு பேருக்கும் பைப் போய்விடும். கிணறோ உவர். புது இணைப்பு மூன்று எடுப்பதென்றால் ஒழுங்கையைக் கிண்டிக் குழாய் புதைக்க வேண்டும், சந்தியோகுவின் நாட்கூலிக்கு அது எட்டாத காசு. எழுதாமல் விட்டால்? தாளில் "காரணம்" என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், பிறகு மெல்லக் கோபிசங்கரிடம் கதைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். பத்து வீட்டுக்கும் வரிவரியாக எழுதியவள், பதினோராவது வீட்டுக்கு "ஆட்கள்: 1" என்று மட்டும் எழுதி, காரணத்தை விட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தாள். அந்த மனுசியைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு சந்தோசமும் அவளுக்கு இருந்தது. கோபிசங்கரோ அந்தக் கிழமை முழுக்கக் கொழும்பில் நின்றான், கதைக்க வாய்ப்பே வரவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பென்சன்காரர், கடைக்காரர், பள்ளிக்கூட அதிபர்மார் எல்லாரும் வந்திருந்தார்கள். காற்றாடி சுற்றியும் வேர்த்தது. உதயகலா ஊழியர்களோடு பக்கச் சுவரோரம் நின்றாள். நாலாவது வரிசையில் கமலாவதி, கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சீலையோடு நிமிர்ந்து இருந்தார். ஆண்கள் பக்கத்தில் நடராசா, மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை.

சபைத் தலைவர் சுருக்கமாகத்தான் பேசினார். தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து சுத்தமாக்கிக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவு என்று சொன்னார். அதுவரை எல்லாரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு கோபிசங்கர் செய்து வைத்திருந்த படங்களைத் திரையில் போட்டார்கள். ஏன் முப்பதுக்கு மேலே இரண்டரை மடங்கு என்று விளக்குவதற்கு ஓர் உதாரணம் வந்தது. பெயர் இல்லை. "கொக்குவில் பகுதி. ஆட்கள்: 1. பாவனை: 52 அலகு. காரணம்: எதுவுமில்லை."

உதயகலா திரையை இன்னொருமுறை வாசித்தாள். வெறுமையாக விட்ட கட்டத்தை எவரோ இப்படி நிரப்பியிருக்கிறார்கள்.

"தனிய இருக்கிற ஒரு அம்மா," என்றார் தலைவர், "ஐம்பத்திரண்டாயிரம் லீற்றர். பிழையெண்டு சொல்ல வரேல்லை. ஆனால் தண்ணிக்கு அந்தரப்படுற சனமும் இருக்கு. உப்பிடி அள்ளி ஊத்திறவைக்கு மலிவாக் குடுக்கிறது நியாயமே?"

மண்டபம் சிரித்தது. "அம்மாவுக்கு வீட்டுக்கை கேணி இருக்கோ?" என்று பின்னால் ஒருவர் கத்த, இன்னும் பெரிய சிரிப்பு. ஊரில் தெரிந்தவர்கள் மெல்லத் திரும்பி நாலாவது வரிசையைப் பார்த்தார்கள். கமலாவதி அசையவில்லை. மடியிலிருந்த கை மட்டும் சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தது. மற்ற வீட்டாரைக் கேட்காமல் தான் வாயைத் திறந்தால் நாலு வீட்டுப் பைப்பும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வீணாக்குகிறவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உதயகலாவின் மனம் அடித்தது. விதி, வேலை, கோபிசங்கரின் முகம், எல்லாம் ஒன்றாக வந்து மறித்தன. ஊரெல்லாம் கேள்வி கேட்ட வாய்க்கு அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை.

அப்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. நடராசா எழும்பினார். பிளாஸ்ரிக் பையிலிருந்து பழுத்துப்போன காணி உறுதி ஒன்றை எடுத்து விரித்தார்.

"உந்தத் தண்ணியைத் தனிய ஒரு ஆள் அள்ளி ஊத்தேல்லை," என்றார். குரல் உரத்து வந்தது. "நாங்கள் நாலு குடும்பம், பதினாறு சீவன் குடிக்கிறம். இந்தா உறுதி. நாலிலை ஒரு பங்கு எனக்கு. அந்த மனுசி தன்ரை பேரிலை பைப்பை எடுத்து, தன்ரை வளவுக்கை விட்டு, ஒரு நாளும் ஒருத்தரையும் மறிச்சதில்லை. சிரிக்கிறவை என்னைப் பாத்துச் சிரியுங்கோ."

சிரிப்பு நின்றது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, அப்பிடி வேறை வீட்டுக்குக் குடுக்கிறது விதிக்கு மாறெல்லோ? தெரியுமோ?"

"எனக்கு உங்கடை விதி தெரியாது. உறுதி தெரியும். வெட்டிறதெண்டால் நாலு வீட்டுக்கும் வந்து சொல்லிப்போட்டு வெட்டுங்கோ."

பிறகு பின்வரிசையில் ஒரு பெண், "எங்கடை ஒழுங்கையிலும் அப்பிடித்தான். மூண்டு வீட்டுக்கு ஒரு பைப்," என்றார். இன்னொருவர் எழும்பினார். இன்னும் ஒருவர். எல்லாம் பங்குக் கிணற்று வீடுகள். கோபிசங்கர் ஒரு துண்டில் எண்ணி எண்ணி எழுதிக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று பேர் எழும்பியதாக உதயகலாவுக்குப் பிறகு சொன்னான்.

ஒரு மாதம் கழித்துச் சபையின் முடிவு வந்தது. கட்டணம் கூடத்தான் கூடியது, அதை ஒருவராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் பங்குக் கிணற்றடி இணைப்புகளை வெட்டுவதில்லை என்றும், எத்தனை குடும்பம் பாவிக்கிறதோ அத்தனை பங்காக அலகைப் பிரித்துத்தான் விலை போடுவது என்றும் தீர்மானித்தார்கள். அதற்குக் குடும்பங்களின் பெயரைப் பதிய ஒரு படிவம் அடித்தார்கள். பதிகிற வேலை மீற்றர் வாசிப்பவர்கள் தலையில் விழுந்தது.

உதயகலா ஒழுங்கைக்குள் திரும்பும்போது நடராசா கேற்றடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். விடுவாளா? இறங்கினாள்.

"ஐயா, அன்ரியோடை இப்ப கதைக்கிறனீங்களே?"

"ஏன் கதைக்க? அண்டைக்கு நான் தண்ணியைப் பற்றித்தானே கதைச்சனான்," என்று வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "அரை அடி அரை அடிதான்."

கமலாவதி முன் விறாந்தையில் கதிரை போட்டார். தேத்தண்ணியும் வந்தது. உதயகலா அதைத் தொடவில்லை.

"அன்ரி, அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டது நான்தான். எழுதினால் உங்கடை பைப்பை வெட்டிப்போடுவாங்கள் எண்டு பயந்திட்டன். அதாலைதான் உங்களை அத்தனை சனத்துக்கு முன்னாலை..." கண் நிறைந்துவிட்டது.

கமலாவதி தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளி வைத்தார். கோபம் இல்லை.

"எத்தனை தரம் குளிக்கிறனான் எண்டு கேட்டனீர். ஏன் கலியாணம் கட்டேல்லை எண்டும் கேட்டனீர். அரை அடிக் கதையையும் கிண்டிக் கேட்டனீர். தாளிலை என்ன எழுதட்டும் எண்டு மட்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் மற்ற வீடுகளுக்கும் சொல்லிப்போட்டு உள்ளதை எழுதச் சொல்லியிருப்பன். வெட்டினால் வெட்டட்டும். வீணாக்கிறவள் எண்டு சிரிக்க விட்டிருக்க மாட்டன்."

ஏச்சு வாங்கியிருந்தால் கூட உதயகலாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மடியில் விரித்தாள். பேனையைத் திறந்தாள். இணைப்பு கமலாவதியின் பேரில் இருப்பதால் முதல் வரியில் அவருடைய பெயரைத்தான் எழுதுவது வழக்கம். எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இதிலை முதல் ஆற்றை பேரைப் போடட்டும் அன்ரி?"

கமலாவதி மேற்கு மதில் பக்கம் ஒருமுறை பார்த்தார். மதிலுக்கு அங்கால் நடராசா எவருக்கோ உரத்து ஏசிக்கொண்டிருப்பது கேட்டது.

"நடராசா எண்டு போடும்," என்றார். "எழும்பி நிண்டது அவரெல்லோ."

உதயகலா அப்படியே எழுதினாள்.